கடலடியில் ஒரு திருத்தம்

உட்காருங்கள் ஐயா, இடம் இருக்கிறது. இந்த உறையை மட்டும் என் மடியில் வைத்துக்கொள்கிறேன், மடங்கிவிடக் கூடாது. உள்ளே மூன்று பக்கக் கடிதம். நேற்று மாலை எழுதியது. இரண்டு முறை படியெடுத்தேன். மூன்றாம் படிதான் அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தது.

தாங்கள் எதுவரை? கடலூரா? நான் புதுச்சேரி. சீட்டு வாங்கும்போது "புதுச்சேரிக்கு ஒன்று" என்றேன். "பாண்டிக்கா சார்?" என்றார் நடத்துநர். "புதுச்சேரிக்கு" என்றேன். "சரி சார், பாண்டிக்கு ஒண்ணு" என்று கிழித்துக் கொடுத்தார். அது கிடக்கட்டும்.

என்ன காரியமாகப் போகிறேன் என்று கேட்கிறீர்கள். என் மனைவி இன்று பிற்பகல் இரண்டு மணிக்குக் கடலுக்குள் இறங்கப் போகிறாள்.

பதற வேண்டாம், பதற வேண்டாம். தாங்கள் நினைப்பது அன்று. முதுகில் காற்றுக் குடுவையைக் கட்டிக்கொண்டு, வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு, மீன் பார்ப்பதற்காக இறங்குவது. ஸ்கூபா என்கிறார்கள். முக்குளித்தல் என்று நமக்கு ஒரு சொல் இருக்கிறது, யார் சொல்கிறார்கள்? வயது அறுபத்திரண்டு. அவளுடைய வயதைச் சொல்கிறேன்.

நான் மயிலாடுதுறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தவன். ஓய்வுபெற்றுப் பத்தாண்டுகள் ஆகின்றன. எதையும் தொடக்கத்திலிருந்து முறையாகச் சொன்னால்தான் எனக்குச் சொல்ல வரும். கடலூருக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கிறதே, கேளுங்கள். ஒன்று மட்டும்: பிறர் பேச்சை அவர்கள் பேசியவாறே சொல்லுவேன். அதில் வரும் கொச்சை அவர்களுடையது.

கடந்த தை மாதம் எங்களைச் சொகுசுக் கப்பலில் அழைத்துச் சென்றார்கள். எங்களை என்றால் என்னையும் என் மனைவி குமுதவல்லியையும். அழைத்துச் சென்றவர்கள் என் ஒரே மகள் எழில்நங்கையும் மருமகன் ஹரிகரனும். சென்னையில் இருவருக்கும் கணினி வேலை. சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு, லங்காவி என்று இரண்டு தீவுகளைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருவது. நான்கு இரவு, ஐந்து பகல். கப்பலைப் பற்றிக் கேட்காதீர்கள். பன்னிரண்டு மாடி, எந்த மாடிக்குப் போனாலும் யாரோ தின்றுகொண்டிருந்தார்கள். அதைத் தவிர எனக்கு ஒன்றும் நினைவில்லை.

லங்காவியில் இறங்கியதும் படகில் ஒரு சிறு தீவுக்குப் போய் முக்குளிப்பது என்று மூவருக்குப் பதிவு செய்திருந்தார் மருமகன். மகள், மருமகன், மூன்றாவது நான் என்றுதான் எண்ணினேன். கேட்டபோது, "இல்ல மாமா, அத்தைதான்" என்றார்.

"உன் அத்தைக்கு நீந்தத் தெரியாதே" என்றேன்.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு குமுதவல்லி பெட்டியைத் திறந்து ஓர் உடையை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். முழுக்கைச் சட்டையும் முழங்கால்வரை நீண்ட கால்சட்டையும் ஒன்றாய்த் தைத்த நீச்சல் உடை. கருநீலம். அதற்கு முந்தைய ஆண்டு மகளுக்குக் கால் முறிந்து, இவள் சென்னையில் மூன்று மாதம் தங்கிப் பார்த்துக்கொண்டாள் அல்லவா? அந்த மூன்று மாதமும் அவர்கள் குடியிருப்பின் குளத்தில் நாள்தோறும் காலையில் நீச்சல் பயின்றிருக்கிறாள். அறுபத்தோராம் வயதில். நான் இங்கே தனியே சோறு வடித்துத் தின்றுகொண்டிருந்தேன்.

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா கத்துக்கிட்டிருக்க முடியாது" என்றாள்.

பாருங்கள். கேட்ட கேள்விக்கும் சொன்ன விடைக்கும் தொடர்பு இருக்கிறதா? அவள் பேச்சு எப்போதும் அப்படித்தான்.

போகட்டும் என்று விட்டுவிட்டேன். நான் ஒன்றும் பிடிவாதக்காரன் அல்லன். படகில் உட்கார்ந்து ஒரு நூலைப் படிக்கலாம் என்று முடிவு செய்துகொண்டேன். லங்காவியில் இறங்குவதற்கு முதல் நாள் மாலை, சாப்பாட்டு மேசையில் மருமகன் படிவங்களை எடுத்து வைத்தார். முக்குளிக்க இறங்குபவர் உடல்நிலை பற்றிய படிவம். வரிசையாக வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டங்கள். உண்மையைத் தவிர வேறெதையும் எழுதவில்லை என்ற உறுதிமொழியின் கீழே கையொப்பம். மருமகன் மூன்று படிவங்களிலும் மேலிருந்து கீழே 'இல்லை, இல்லை, இல்லை' என்று மளமளவென்று குறித்துக்கொண்டு போனார். ஒரு தாளை இரண்டு நிமிடத்தில் முடிக்கும் மாணவனை நான் அறிவேன் ஐயா. வினாவைப் படித்திருக்க மாட்டான்.

நான் படித்தேன். பதினான்காம் வினா: ஈளை, மூச்சிரைப்பு எப்போதேனும் இருந்ததுண்டா?

இருந்தது. பதினோராண்டுகளுக்கு முன், ஆனி மாதத்தில், குமுதவல்லிக்கு மூச்சிரைப்பு வந்து மூன்று நாள் மருத்துவமனையில் கிடந்தாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு நடந்துகொண்டிருந்த நேரம், நான் போய்ப் பார்க்கக்கூட இயலவில்லை.

சொன்னேன். உடனே மகள், "அப்பா, அது முடிஞ்சு பதினோரு வருஷம் ஆச்சு. போன மாசம் பெரிய டாக்டர்ட்ட காட்டி, குழாய்ல ஊதச் சொல்லி டெஸ்ட்டெல்லாம் எடுத்தோம். உங்க அம்மா நுரையீரல் உங்களதவிட நல்லா இருக்குன்னு அவரு என்னையே கிண்டல் பண்ணாரு" என்றாள்.

"எழுதித் தந்தாரா?"

"வாயால சொன்னாருப்பா."

"வாயால் சொன்னது சான்றாகாது."

மருமகன் சிரித்துக்கொண்டே, "மாமா, உலகத்துல எல்லாரும் இதுல 'நோ'தான் போடுவாங்க. ஒரு 'எஸ்' விழுந்தாலும் டாக்டர் லெட்டர் கேட்டு நிப்பாட்டிருவாங்க. நடுக்கடல்ல நான் எந்த டாக்டரத் தேடிப் போறது?" என்றார்.

அப்போது குமுதவல்லி ஒரே ஒரு சொல் சொன்னாள். "விடுங்களேன்."

அந்தச் சொல்லை அவள் அடிக்கடி சொல்லுவாள். பால்காரர் எழுதிவைத்த துண்டுச் சீட்டை நான் திருத்திக் கொடுத்தபோது சொன்னாள். அவள் தம்பி மகன் திருமண அழைப்பிதழில் பதினொரு பிழைகளை வட்டமிட்டு, மணமேடையில் அவர்கள் கையிலேயே கொடுத்தபோதும் சொன்னாள். நான் விடவில்லை. விட்டிருந்தால் அந்தக் குடும்பம் இன்றும் பிழையோடுதான் அழைப்பிதழ் அடித்துக்கொண்டிருக்கும். இப்போதெல்லாம் எங்களுக்கு அழைப்பிதழ் வருவதில்லை, தொலைபேசியில் சொல்லிவிடுகிறார்கள்.

மறுநாள் காலையில் படிவங்களை ஒரு கோப்பில் இட்டு என்னிடம் கொடுத்தார்கள். கவனியுங்கள், அவர்களாகவே கொடுத்தார்கள். எதையும் தொலைக்காதவன் நான் ஒருவன்தான் என்று மகளே சொன்னாள். துறைமுகத்திலிருந்து படகுத்துறைக்குப் போகும் வண்டியில் பின்னிருக்கையில் தனியே உட்கார்ந்தேன். கோப்பைத் திறந்தேன். சட்டைப் பையில் சிவப்பு மைப் பேனா இருந்தது. நாற்பது ஆண்டுகளாக இருக்கிறது, இதோ இப்போதும் இருக்கிறது. பதினான்காம் வினாவுக்கு எதிரே 'இல்லை' என்பதை அடித்தேன். 'ஆம்' என்பதில் குறியிட்டேன். பக்கத்திலேயே எந்த ஆண்டு, எத்தனை நாள் மருத்துவமனை என்று ஆங்கிலத்தில் தெளிவாக எழுதினேன். திருத்திய இடத்தில் சுருக்கொப்பமும் நாளும் இட்டேன். விடைத்தாள் திருத்துபவனுக்கு அது பழக்கம்.

யாரிடமும் சொல்லவில்லை. பிழையைத் திருத்த யாரிடம் இசைவு கேட்பது?

படகில் எங்களுக்குப் பயிற்சியளிக்க வந்தவர் தேவேந்திரன் என்ற மலேசியத் தமிழர். நல்ல மனிதர். ஒவ்வொரு வாக்கியத்தின் இறுதியிலும் 'லா' என்ற ஓர் ஒலியைச் சேர்ப்பார். நான் ஒருமுறை சுட்டிக்காட்டினேன், சிரித்துக்கொண்டார். காதடைத்தால் மூக்கைப் பிடித்து ஊத வேண்டும், மூச்சை ஒருபோதும் நிறுத்தக் கூடாது என்றெல்லாம் அவர் விளக்கியபோது குமுதவல்லி ஓர் எழுத்து விடாமல் கேட்டாள். முதல் வரிசை மாணவியைப் போல, வாயைச் சற்றே திறந்துகொண்டு.

தேவேந்திரன் சொன்னார்: "ஆன்ட்டி, இன்னொண்ணு. கீழ போயிட்டா பேச முடியாது லா. எல்லாம் கைஜாடைதான். யாரு என்ன சொன்னாலும் காதுல விழாது. புருஷன் திட்டுனாக்கூட வாயிலேர்ந்து வெறும் காத்துமுட்டைதான் வரும்."

அதைக் கேட்டு அவள் சிரித்தாள் ஐயா. அப்படி ஒரு சிரிப்பு. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். மகளும் அவள் தோளில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். இவ்வளவு சிரிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றாள். இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

தீவை நெருங்கியதும் படகை நிறுத்தினார்கள். குமுதவல்லி ரப்பர் உடையை அணிந்துகொண்டாள். இடுப்பில் எடைக் கட்டு, காலில் வாத்துக்கால் போன்ற செருப்பு. மருமகன் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அப்போது தலைமைப் பயிற்றுநரான ஒரு சீனப் பெண்மணி கோப்பை என்னிடமிருந்து வாங்கிப் புரட்டினார். ஒரு தாளில் நிறுத்தினார். தேவேந்திரனை அழைத்து விரலால் காட்டினார்.

அவர் தாளை எடுத்துக்கொண்டு வந்தார். "ஆன்ட்டி, இது யாரு எழுதுனது?"

குமுதவல்லி படிக்கவில்லை. அவளிடம் கண்ணாடி இல்லை, படிக்க இயலாது. மையின் நிறத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு எடைக் கட்டை அவிழ்த்தாள்.

"சாரி லா, ஆன்ட்டி. லெட்டர் இல்லாம எறக்க முடியாது" என்றார் தேவேந்திரன்.

"பரவால்லப்பா. நீ என்ன பண்ணுவ" என்றாள்.

அந்த உடையைத் தானாகக் கழற்ற இயலாது, முதுகுப்புறம் இழுப்பான், ஜிப் என்கிறார்கள். மகள் பின்னால் நின்று இழுத்துவிட்டாள். இழுத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சொன்னாள்: "ஒரு நாள்ப்பா. ஒரே ஒரு நாள் அந்தப் பேனாவ ரூம்ல வெச்சிட்டு வந்திருக்கலாம்ல?"

பெற்ற தகப்பனிடம் கேட்கிற கேள்வியா இது? நீருக்கடியில் மூச்சிரைப்பு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதை நான் அப்போது கேட்டேன். தாங்கள் சொல்லுங்கள், நான் செய்தது தவறா? தலையாட்டுகிறீர்கள். நன்று.

இதற்குப் பிறகு நடந்ததுதான் அவர்களுக்கு என் மேல் உண்மையான வருத்தம் என்று மருமகன் பின்னொரு நாள் சொன்னார். அதில் வருந்துவதற்கு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. சொல்கிறேன், தாங்களே முடிவு செய்யுங்கள்.

ஒவ்வொரு புதியவருக்கும் ஒரு பயிற்றுநர் துணையாக இறங்க வேண்டும் என்பது அவர்கள் விதி. குமுதவல்லிக்குத் துணை தேவேந்திரன். இப்போது அவருக்கு ஆள் இல்லை. குடுவை, உடை எல்லாம் ஆயத்தமாகக் கிடந்தன. "அம்மா இறங்காம நான் இறங்கல" என்று மகளும் உட்கார்ந்துவிட்டாள்; அது அவள் விருப்பம். மருமகன் மட்டும் இறங்கிப் போனார். தேவேந்திரன் என்னைப் பார்த்து, "என்ன அங்கிள், டேங்க்கு சும்மா கெடக்கு, நீங்க எறங்குறீங்களா?" என்றார். குரலில் ஏதோ இருந்தது. ஆனாலும் கேட்டது கேட்டதுதானே? நான் காவிரியில் நீந்தி வளர்ந்தவன். ஆயத்தமான ஒன்று வீணாவது எனக்குப் பிடிக்காது. சரி என்றேன்.

எனக்கும் ஒரு படிவம் கொடுத்தார்கள். எல்லா வினாக்களையும் படித்தேன், மருமகனைப் போல் அல்லாமல். எனக்கு நோயென்று ஒன்றும் கிடையாது. எல்லாவற்றுக்கும் 'இல்லை'.

குருதியழுத்தமா? இருக்கிறது என்று யார் சொன்னார்கள்? ஆம், ஒன்பதாம் வினா அதைப் பற்றியதுதான். நாள்தோறும் காலையில் ஒரு மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். மாத்திரையால் அது கட்டுக்குள் இருக்கிறது. கட்டுக்குள் இருப்பதை நோய் என்று சொல்லலாமா? மாணவன் அடங்கி உட்கார்ந்திருந்தால் அவனை அடங்காதவன் என்று பதிவேட்டில் எழுதுவோமா? ஆகவே 'இல்லை' என்று குறித்தேன்.

அந்த மாத்திரையைக் காலைதோறும் எடுத்து, வெந்நீரோடு என் கையில் கொடுப்பவள் குமுதவல்லிதான். அன்று காலையும் கப்பலில் கொடுத்தாள். நான் படிவத்தை நிரப்பியபோது பக்கத்தில்தான் நின்றாள். துண்டைப் போர்த்திக்கொண்டு, நனையாத தலையோடு. என் விரல் ஒன்பதாம் வினாவில் சற்று நின்றது. அவளை ஏறிட்டுப் பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். அவள் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும், அந்தச் சீனப் பெண்மணி என்னையும் நிறுத்தியிருப்பார். சொல்லவில்லை. என் விளக்கம் அவளுக்கு உடன்பாடு என்று எடுத்துக்கொண்டேன். வகுப்பில் ஒருவரும் கை உயர்த்தாவிட்டால் பாடம் விளங்கிவிட்டது என்றுதானே பொருள்?

கண்ணாடி, கைக்கடிகாரம், பேனா மூன்றையும் அவளிடம் நீட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

கடலடியில் என்ன கண்டேன் என்று கேட்கிறீர்களா? ஆழ்கடல் என்று சொல்லிக்கொள்கிறார்கள், இருபத்தைந்து அடிதான். பவளம், மீன், மணல். கண்ணாடி இல்லாததால் எல்லாம் வண்ணக் கறைகளாகத்தான் தெரிந்தன. ஒன்றை மட்டும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். தேவேந்திரனின் இடுப்பில் ஒரு சிறு வெள்ளைப் பலகை தொங்கியது; நீருக்குள் எழுதுவதற்கு, கயிற்றில் கட்டிய கரிக்கோலோடு. ஒரு பச்சை மீனைக் காட்டி, அதில் பெரிதாக 'கிளி மின்' என்று எழுதி, என் கண்ணருகே பிடித்தார். நான் கரிக்கோலை வாங்கி 'மீன்' என்று திருத்தினேன். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. குமிழி குமிழியாக மேலே போயிற்று. அதை மருமகன் படம் எடுத்தார். கடலடியில் ஒரு பிழையைத் திருத்திய தமிழாசிரியர் வேறு யாரேனும் இருந்தால் சொல்லுங்கள்.

மேலே வந்ததும் குமுதவல்லியிடம் எல்லாவற்றையும் விரிவாகச் சொன்னேன். பாவம், பார்க்க முடியவில்லையே, கேட்டாவது தெரிந்துகொள்ளட்டும் என்று அரை மணி நேரம் சொன்னேன். மீனுக்கு ஒரு விளக்கம், பவளத்துக்கு ஒரு விளக்கம். தீவைப் பார்த்துக்கொண்டே கேட்டிருந்தாள். நான் முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கீழ சத்தம் இருக்குமா?"

"ஒரு சத்தமும் இல்லை. உன் மூச்சு மட்டும் உனக்குக் கேட்கும்" என்றேன்.

"அப்படியா" என்றாள்.

அவ்வளவுதான். இத்தனை அதிசயங்களைச் சொல்கிறேன், அவளுக்கு வந்த ஐயத்தைப் பாருங்கள். அன்று மாலை எனக்குத் தலை கனத்தது. யாரிடமும் சொல்லவில்லை. அவளே மாத்திரையையும் வெந்நீரையும் கொண்டுவந்து நீட்டினாள்.

இது நடந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. இந்த ஏழு மாதங்களாக என் வீட்டில் பேச்சு என்பது இரண்டு சொற்கள். "சாப்பாடு." "மாத்திரை." முன்பெல்லாம் "என்னங்க" என்று தொடங்குவாள், இப்போது விளியும் இல்லை, வினையும் இல்லை. சண்டையா என்றால் சண்டையும் இல்லை. சோறு குழைவதில்லை, சட்டை கசங்குவதில்லை. நான் கடலடியில் பலகையைத் திருத்தும் படத்தைச் சட்டமிட்டுக் கூடத்தில், என் நல்லாசிரியர் விருதுக்கு அருகில் மாட்டியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை தோறும் விருதைத் துடைப்பாள், சாமி படங்களைத் துடைப்பாள். அந்தப் படம் மட்டும் தூசியடைந்து கிடக்கும். உயரம் எட்டவில்லை போலும் என்று நானே துடைத்துவிடுவேன்.

மனத்தில் இருப்பதை எழுதியாவது காட்டலாமே என்பீர்கள். எழுத மாட்டாள். அதற்கும் ஒரு கதை உண்டு, சிறியதுதான். திருமணமான மறு ஆண்டு, பிள்ளைப்பேற்றுக்காகத் தாய்வீடு போயிருந்தாள். அங்கிருந்து எனக்கு ஒரு கடிதம் எழுதினாள். நான்கு பக்கம். ஊர்க் கடைத்தெருவில் புதிதாக விளக்குப் போட்டது, வயிற்றில் பிள்ளை புரள்வது, நான் இல்லாமல் பொழுது போகவில்லை என்பது, இப்படி ஏதேதோ. பதினேழு பிழைகள். சிவப்பு மையால் எல்லாவற்றையும் திருத்தி, ஓரத்தில் விதிகளையும் எழுதி, 'கருத்து நன்று, எழுத்தில் கவனம் தேவை' என்று கீழே குறித்து, அதே உறையில் இட்டுத் திருப்பி அனுப்பினேன். என்னிடம் படித்த பிள்ளைகள் அப்படித்தான் தேறினார்கள். அதற்குப் பிறகு அவள் எழுதியதில்லை. பிழை குறைந்திருக்கிறதா என்று பார்க்கலாம் என்று இரண்டு மாதம் அஞ்சல்காரரை எதிர்பார்த்தேன். பிறகு தொலைபேசி வந்துவிட்டது. தேவையும் இல்லாமற் போயிற்று.

ஏன் ஐயா அப்படிப் பார்க்கிறீர்கள்? வெயில் கண்ணில் படுகிறதா? திரையை இழுத்துவிடுங்கள்.

பத்து நாளைக்கு முன் மகள் வந்து அவளைச் சென்னைக்கு அழைத்துப் போனாள். நேற்று முன்தினம் தொலைபேசியில், "அப்பா, அம்மாவ பாண்டிக்குக் கூட்டிட்டுப் போறேன். ஸ்கூபாவுக்கு" என்றாள்.

"பதினான்காம் வினா?" என்றேன்.

"அதுக்கு 'ஆமா'ன்னே போட்டாச்சு. அம்மாதான் போட்டாங்க. டாக்டர் சர்டிஃபிகேட்டும் வாங்கியாச்சு. சீல் இருக்கு, கையெழுத்து இருக்கு, தேதி இருக்கு. நீங்க ஒண்ணும் பாக்க வேணாம்."

"எத்தனை மணிக்கு?"

அந்தப் பக்கம் யாரிடமோ ஏதோ கேட்டாள். பிறகு, "மதியம் ரெண்டு மணிக்கு" என்றாள். எந்த முக்குளிப்பு நிலையம் என்றும் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டாள். குறித்துக்கொண்டேன்.

சான்றிதழ் கொடுத்த மருத்துவருக்கு என்ன தெரியும் ஐயா? குழாயில் ஊதச் சொன்னார், ஊதினாள். அவளோடு நாற்பத்தோராண்டு வாழ்ந்தவன் நான். அதனால்தான் இந்தக் கடிதம், நிலையத்தின் பொறுப்பாளருக்கு. முதற்பக்கத்தில் நோய் வரலாறு. இரண்டாம் பக்கத்தில் அவளுடைய இயல்புகள்: பதற்றம், மறதி, ஒருமுறை சொன்னால் விளங்கிக்கொள்ளாமை, எதையும் வாய்விட்டுச் சொல்லாமை. மூன்றாம் பக்கத்தில், இவற்றையெல்லாம் கருதித் தக்க முடிவெடுக்குமாறு வேண்டுகோள். தடுத்துவிடுங்கள் என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. உண்மையை மட்டும் எழுதியிருக்கிறேன்.

என் மாத்திரையைப் பற்றியா? அது எதற்கு இந்தக் கடிதத்தில்? இறங்குபவள் அவளல்லவா?

மணி பத்தரை. கடலூர் வந்துவிட்டது. பேருந்து இங்கே பத்து நிமிடம் நிற்கும், அவசரப்படாமல் இறங்குங்கள். இரண்டு மணிக்கு நான் தாராளமாகப் போய்ச் சேர்ந்து…

சற்றுப் பொறுங்கள். கைப்பேசியில் ஏதோ வந்திருக்கிறது. குடும்பக் குழுவில். மகள்தான். படிக்கும் கண்ணாடி மேலே பைக்குள் இருக்கிறது. தாங்கள் பார்த்துச் சொல்ல இயலுமா?

படமா? என்ன படம்?

நீருக்குள்ளா? அவள்தானா? கருநீல உடையா? முகத்தில் கண்ணாடிக் கவசம் இருக்கும், வாயில் குழாய் இருக்கும், அடையாளம் தெரியாது. நெற்றியில் இடப்பக்கம் ஒரு சிறு தழும்பு… இருக்கிறதா?

இரண்டு மணி என்றல்லவா சொன்னாள்? காலம் தவறாதவள் என் மகள். பள்ளியில் ஒரு நாள்கூடப் பிந்தியதில்லை. நேரத்தைத் தவறாகச் சொல்லிவிட்டாளே. கவனக்குறைவு.

சிரிக்கிறாளா? தெரியாது, ஆம், வாயில் குழாய் இருக்கும்போது தெரியாது. கண்? கண்ணைப் பார்த்துச் சொல்லுங்கள். சரி, சரி. கேட்டேன், அவ்வளவுதான்.

கையில் என்ன? பலகையா? வெள்ளைப் பலகை, கரிக்கோல் கட்டியது. அதேதான். என்ன எழுதியிருக்கிறாள்? எழுத்துப் பிழை இருந்தாலும் பரவாயில்லை, உள்ளவாறே படியுங்கள்.

ஒன்றுமில்லையா?

நன்றாகப் பாருங்கள் ஐயா. எழுத்துப் பக்கம் நம்மை நோக்கித்தான் இருக்கிறதா? இரண்டு கைகளாலும் தூக்கிக் காட்டுகிறாள் என்கிறீர்கள். ஒன்றும் எழுதாமல் எதற்குத் தூக்கிக் காட்ட வேண்டும்? பலகையையும் கரிக்கோலையும் கையில் கொடுத்தால் ஏதாவது எழுதத்தானே வேண்டும்? ஒரு சொல். மீன் என்றாவது. தன் பெயரையாவது.

கடிதமா? அது இருக்கட்டும், மடியிலேயே இருக்கட்டும்.

இறங்குகிறீர்களா? நடத்துநர் இன்னும் ஏறவில்லை, நேரம் இருக்கிறது. அந்தப் படத்தை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்குவார்களே, எனக்கு அது வராது. ஒரே ஒரு முறை பெரிதாக்கிப் பார்த்துவிட்டுப் போங்கள். பலகையின் மூலையில் பாருங்கள். சிறிதாக ஏதேனும் எழுதியிருப்பாள்.